நுரை வராத தண்ணீர்

மன்னார்த் தீவில் எந்த வீட்டின் வெளிச்சுவரை நக்கிப் பார்த்தாலும் உப்புக் கரிக்கும். நான் நக்கிப் பார்த்திருக்கிறேன். தொழில் தொடங்கிய முதல் கிழமை அது. "உனக்கென்ன விசரே?" என்று அண்ணன் கேட்டான். "ஆராய்ச்சி" என்றேன்.

வைகாசியில் சோளகக் காற்று எழும்பினால் நான்கு மாதத்துக்கு அடங்காது. கடலிலிருந்து உப்பையும் வெட்டையிலிருந்து மணலையும் அள்ளி வந்து சுவரில் அறைந்துவிட்டுப் போகும். ஜன்னல் கம்பி துருவேறும், பெயின்ற் கொப்பளிக்கும். மிச்சமிருப்பதில் மாரி வந்து பாசி வளர்க்கும். சுவருக்கு ஓய்வில்லை, ஆகவே எனக்கும் வேலை ஓயாது என்று தீர்மானித்தேன். கம்பஸ் அனுமதி சில புள்ளிகளில் தவறிப்போயிருந்தது. கொழும்பில் தொடங்கிய கணினிப் படிப்பு பாதியில் அலுத்துவிட்டது. கறுத்துக் கிடந்த ஒரு சுவர் தண்ணீர் பட்ட இடமெல்லாம் வெள்ளையாகிக்கொண்டு போவதை யூடியூப்பில் பார்த்தேன், அன்றே முடிவெடுத்துவிட்டேன். தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சும் மெஷின் என்னுடையது. அதை ஏற்றி இறக்கும் ஆட்டோ அண்ணனுடையது.

"வீட்டுக்கு முழுக வாக்கிறவள் வாறாள்" என்று சந்தியில் சிரிப்பார்கள். "தலைக்கு எண்ணெயும் வைப்பியளோ தங்கச்சி?"

"உங்களுக்குத் தலைமயிர் இருந்தா வைப்பம் அண்ணை."

கீரி என்ற ஊரில் இருந்த அந்த இரண்டு மாடி வீட்டுக்காரர் கனடாவில் இருந்தார். பெறாமகளான தம்பி மகளின் கலியாணத்துக்கு மனைவியோடு வருவதாக வட்ஸ்அப்பில் சொன்னார். "வீடு மினுங்க வேணும் தங்கச்சி, மதிலும் சேத்து." பத்து நாள் இருந்தது. எனக்கு அது தாராளம்.

வீட்டைப் பார்த்துக்கொண்டவர் ஓர் அக்கா. பின்னறையில் தங்கி, காலையில் இடியப்பம் அவித்து விற்பவர். அவர் அறைக்குப் பக்கத்தில் கிணறு. அந்தக் குறுகிய ஒழுங்கையில் நல்ல தண்ணீர் இருந்தது அந்த ஒரு கிணற்றில்தான். மற்றவை குளிக்கவும் பாத்திரம் கழுவவும் மட்டும். குழாயில் தண்ணீர் அந்த நாட்களில் கிழமைக்கு இரண்டு தரம் சொட்டினால் அதிகம். பதினைந்து வீட்டுக்காரர் காலையும் பின்னேரமும் பின்பக்கக் கேற்றால் வந்து வாளியால் அள்ளி, கலன்களில் நிரப்பிக்கொண்டு போவார்கள்.

நான் எப்போதும் பவுசர் வண்டித் தண்ணீரில்தான் கழுவுவது. ஆனால் இரண்டாம் நாளே கனடாவிலிருந்து தகவல் வந்தது: "பிளைட்டை மாத்திப்போட்டம். வெள்ளிக்கிழமை வாறம்." அன்று திங்கள். பவுசர்க்காரரிடம் ஓடினேன்.

"இந்தக் கிழமை ஏலாது தங்கச்சி. குடிக்கத் தண்ணி கேக்கிற சனத்துக்கே ஓடி முடியேல்ல. நீங்கள் சுவருக்குக் கேக்கிறியள்."

திரும்பி வந்து கிணற்றுக்கட்டில் இருந்த மோட்டரைப் பார்த்தேன். புதுசு போலவே கிடந்தது. அதன் குழாய் கிணற்றின் அடிவரை இறங்கியிருந்தது.

"இதைப் போடுவமே அக்கா?"

"சோளகம் நிக்குமட்டும் அதைப் போடுறேல்லை. வாளியால அள்ளுங்கோ."

"ஒரு நாளைக்கு ரெண்டு தாங்கித் தண்ணியை வாளியாலயோ? என்ர கையைப் பாருங்கோ."

"பாத்துத்தான் சொல்லுறன். ரெண்டும் நல்லாத்தானே இருக்கு."

நான் வீட்டுக்காரருக்கு அழைப்பெடுத்தேன். "போடுங்கோ, போடுங்கோ. வாங்கி வச்சது என்னத்துக்கு?" என்று அவர் சொன்னது அக்காவுக்கும் கேட்டது. அக்கா இடியப்பத் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் பொறுப்பில்லாமல் தொடங்கவில்லை. ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, சாணுக்கொரு முடிச்சுப் போட்டு, தண்ணீர் மட்டத்தை மணிக்கொருதரம் அளந்தேன். முதல் தாங்கி நிரம்பியபோது ஒரு சாண் இறங்கியது. இரண்டாவது நிரம்பியபோது அதே இடத்தில் நின்றது. அடுத்த நாளும் அப்படியே. நான் துள்ளினேன்.

"பாத்தீங்களே அக்கா? எவ்வளவு எடுத்தும் இறங்கேல்ல. ஊத்து அந்தமாதிரி!"

அக்கா குனிந்து கிணற்றுக்குள் பார்த்தார். "இறங்கேல்லையோ?" என்று கேட்டார். அந்தக் குரலில் சந்தோசம் இல்லை. எனக்கு அது அப்போது பயந்த குணமாகத் தெரிந்தது.

சவர்க்காரத் தண்ணீரைச் சுவரில் கீழிருந்து மேலாகப் பூச வேண்டும். கழுவுவது மேலிருந்து கீழ். மாற்றிச் செய்தால் கோடு விழும். செவ்வாய்க்கிழமை காலையில் நுரை தடிப்பாக, சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது. பின்னேரம் மெலிந்தது. புதன்கிழமை, பூசப் பூச வெறும் தண்ணீராக வழிந்தது.

"கடைக்காரன் கலப்படம் செய்திட்டான்" என்றான் அண்ணன். நான் இரட்டிப்பாக ஊற்றினேன். கழுவிய ஜன்னல் கண்ணாடிகள் காய்ந்ததும் வெண்மையாகப் படலம் பிடித்தன. காற்றைத் திட்டிக்கொண்டு திரும்பத் துடைத்தேன். மதிலோரம் தண்ணீர் தேங்கிய இடத்தில் முதல் நாள் காகங்கள் இறங்கிக் குடித்தன. புதன்கிழமை அங்கே ஒரு காகமும் இல்லை. இல்லை என்பதைக் கண்டேன். ஏன் என்று நினைக்கவில்லை. எனக்கு மேல்மாடி முடிய வேண்டியிருந்தது.

வியாழன் மத்தியானம், நான் ஏணியில் நிற்கும்போது, பக்கத்து வீட்டுப் பெண் கலனோடு வந்து அக்காவிடம் கேட்டது மோட்டர்ச் சத்தத்துக்கு மேலால் கேட்டது.

"கிணத்துக்குள்ள ஆரும் உப்பு மூட்டை தட்டினவையோ? அவர் தேத்தண்ணியை வாயில வச்சிட்டுத் துப்பிப்போட்டார். சீனிக்குப் பதிலா உப்பைப் போட்டிட்டாய் எண்டு எனக்குப் பேச்சு."

அக்கா வாளியில் இருந்த தண்ணீரைக் கையில் ஏந்தி வாயில் வைத்தார். விழுங்கவில்லை. நேராகப் போய் மோட்டர்ச் சுவிட்சை நிற்பாட்டினார். அதன் பிறகு காற்று மட்டும்தான் கேட்டது.

நான் இறங்கி வந்து குடித்துப் பார்த்தேன். சுவரில் இருந்த அதே ருசி.

தீவுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல்தான் மிதக்கிறது. இது எனக்குத் தெரியாததல்ல. பள்ளிக்கூடத்தில் படம் கீறிப் புள்ளி எடுத்திருக்கிறேன். வாளியால் மேலே அள்ளினால் மிதப்பது மிதந்துகொண்டிருக்கும். அடியில் குழாயை வைத்து இழுத்தால் கீழிருக்கும் உப்பு மேலே எழும்பும். மட்டம் இறங்காமல் நின்றதற்கு ஊற்று மட்டும் காரணமில்லை. நான் எடுக்க எடுக்க, அந்த இடத்துக்கு வேறொன்று ஏறி வந்துகொண்டிருந்தது. அதையும் நானே கயிறு விட்டு அளந்து, கைதட்டியிருக்கிறேன்.

பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுக்கச் செய்தி போய்விட்டது. வெறுங்கலனோடு வந்தவர்கள் கிணற்றைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள்.

"வீடு நல்லாக் குளிச்சிட்டுது. இனி நாங்கள் கடல்ல அள்ளிக் குடிப்பம்."

"படிச்ச பிள்ளை எண்டாங்கள்."

அண்ணன் ஆட்டோவுக்குள்ளேயே இருந்தான். அக்கா என்னைத் திட்டவில்லை. "இனி இடியப்ப மாவுக்கு உப்புப் போடத் தேவையில்லை" என்றார். பிறகு, "திரும்புமோ?" என்று கேட்டார்.

"திரும்பும் அக்கா. ஆரும் கீழயிருந்து இழுக்காமல் அப்பிடியே விட்டா, மாரித் தண்ணி இறங்கி மேல நிக்கும். அதுமட்டும் தொடக்கூடாது."

"அப்ப தொடாமல் விடுவம்" என்றார். மோட்டரின் வயரைக் கழற்றிச் சுற்றி அறைக்குள் வைத்தார். மாரி வரை தாக்குப்பிடித்தால் கிணறு பிழைக்கும். எங்களிடம் இருந்தது அந்த ஒரு நம்பிக்கைதான்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் வந்து இறங்கினார். அந்த வெயிலில் வீடு கண்ணைக் கூசவைத்தது. "ஐயோ, என்ன வடிவு!" என்று மனைவியை மதிலோடு நிற்கவைத்துப் படம் எடுத்தார். பெட்டிகளை இறக்கவும் இல்லை, நேரே பின்பக்கம் போய்த் தானே ஒரு வாளி அள்ளினார். "இந்தத் தண்ணிக்காகவே வரலாம்" என்று சொல்லிக்கொண்டு அண்ணாந்து குடித்தார். பாதியில் நிறுத்தி அக்காவைப் பார்த்தார்.

"நான்தான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் தோளில் தட்டினார். "வேணுமெண்டு செய்தனீங்களே? போடச் சொன்னது நான்தானே." பின்கேற்றில் நின்ற பெண்களைப் பார்த்ததும் அவருடைய கண் கலங்கியது. "எங்கட சனம் தண்ணிக்கு அலையிறதோ? ஒரு குழாய்க்கிணறு அடிப்பம். நல்ல ஆழமா. எல்லாருக்கும் காணும்."

"அண்ணை, கீழ முழுக்க உப்பு. ஆழம் போகப் போக இன்னும் கூடத்தான் வரும். மேல மிச்சமிருக்கிறதும் போயிடும்."

"அது உந்தக் கிணத்து உப்பு. ஆழத்தில வேற ஊத்து இருக்கும்."

"மாரி மட்டும் பொறுத்துப் பாப்பமே?" என்றார் அக்கா.

"எனக்கு லீவு மூண்டு கிழமை பிள்ளை. மாரிக்கு நான் இங்க நிக்கமாட்டன். நிக்கேக்க ஒரு நல்ல காரியம் செய்திட்டுப் போறன்."

பெண்களைத் திரும்பிப் பார்த்தேன். நேற்று என்னைக் கேலி பண்ணியவர்கள் இன்று அவரைக் கும்பிடாத குறை. கிணற்றைக் கெடுத்தவள் கிணற்றைப் பற்றிச் சொல்ல வந்தால் யார் கேட்பது? மணலில் படம் கீறிக் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். "கெட்டிக்காரி" என்றார். பிறகு குழாய்க்கிணறு அடிக்கும் லொறிக்காரருக்குப் போன் எடுத்தார்.

திங்கட்கிழமை லொறி வந்தது. எங்கள் மணலில் குழாய் இறக்குவது பெரிய வேலையில்லை. துளை போடும் ஆள், தொடங்குமுன் கிணற்றுத் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். "சேர், இதுக்குக் கீழ போனா..." என்று இழுத்தார்.

"நீங்கள் அடியுங்கோ."

அடித்தார்கள். சாம்பல் நிறச் சேறு பீறிக்கொண்டு வந்து, நான் மூன்று நாள் கழுவிய பின்சுவரில் ஆளுயரத்துக்கு அப்பியது. அக்கா இடியப்ப உரலை அறைக்குள் எடுத்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். பதினைந்து வீட்டுக் கலன்களும் வரிசையாக நின்றன.

வீட்டுக்காரர் சுவரைக் காட்டிச் சிரித்தார். "தங்கச்சி, நாளைக்கு ஒருக்கா வந்து இதைத் திரும்பக் கழுவி விடுங்கோ. கலியாண வீடெல்லே."

"எந்தத் தண்ணியில அண்ணை?"

அவர் புதுக் குழாயைக் காட்டினார். சேறு நின்று, தண்ணீர் அப்போதுதான் தெளிந்து, கைத்தடிப்பில் கொட்டத் தொடங்கியிருந்தது. பார்க்க நல்ல வடிவான தண்ணீர். முன்னால் நின்ற பெண் கையை நீட்டி ஏந்தி, வாயில் வைத்தார். பின்னால் நின்றவரைத் திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு ஒருவரும் கலனை நீட்டவில்லை. தண்ணீர் மணலில் கொட்டிக்கொண்டே இருந்தது.