ஜெயிக்கும்வரை தாடி

இரண்டாவது ஆட்டத்திலும் எங்கள் மூவார் நகரக் கூடைப்பந்து அணி மண்ணைக் கவ்வியபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தொழிற்சாலையில் என்னோடு நாற்காலிகளுக்குச் சாயம் அடிக்கும் நண்பனிடம், "இவனுங்க ஒரு மேட்ச் ஜெயிக்கிற வரைக்கும் நான் சவரம் பண்ண மாட்டேன், பாரு" என்று சொல்லித் தொலைத்தேன்.

"அலமாக்! அப்போ நீ சாமியாராத்தான் போவ" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

மூன்றாவதும் போனது. நான்காவதில் கடைசி நிமிடம்வரை முன்னால் இருந்துவிட்டு, கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் வளையத்தில் அடித்துக் கோட்டை விட்டார்கள். கூடைப்பந்தே உயிரான சீனப் பள்ளியில் படித்த காலத்திலிருந்து பார்க்கிறேன், இப்படி ஒரு கேடுகெட்ட தொடக்கத்தைக் கண்டதில்லை. பந்து கைக்கு வந்தால் சுடுசட்டியைத் தொட்டதுபோல அடுத்தவனிடம் தள்ளிவிடுகிறார்கள். கூரை போட்ட அந்தத் திடலில் வழக்கமாக என் தொண்டைதான் முதலில் கிழியும். அன்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம்கூட வரவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். அம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி. அந்த வாரம்தான் ஊசி போட்டுச் சதை எடுத்து அனுப்பியிருந்தார்கள். முடிவு வர மூன்று வாரம் ஆகுமாம். எனக்கு அம்மாவை விட்டால் ஆளில்லை. அதற்கு மேல் யோசிக்க மனம் மறுத்தது, மரத்துக் கிடந்தது. வீட்டில் நாங்கள் இருவரும் கட்டியைப் பற்றிப் பேசவேயில்லை. அவள் சோறு போடுவாள், நான் அணியைத் திட்டித் தீர்ப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவளைக் கூட்டிவரக் கோயிலுக்குப் போனேன். அவளோடு வந்த அக்கா ஒருவர் என் முகத்தைப் பார்த்ததும் கண் கலங்கினார்.

"அம்மாவுக்கு நல்லாகணும்னு வேண்டிக்கிட்டு முடி வளர்க்கிறியாமே, தம்பி. நல்லா இருப்பப்பா. இந்தக் காலத்துல எந்தப் பிள்ளை இதெல்லாம் செய்யுது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் தலையை ஆட்டிவைத்தேன். வேறென்ன செய்ய? இது கூடைப்பந்துக்கு வளர்த்த தாடி என்று சாமி முன்னால் சொல்லவா? வெட்கக்கேடு. வீட்டுக்கு வந்த பிறகும் அம்மாவிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஐந்தாவதும் தோற்று, ஆறாவதில் ஒருவழியாக ஜெயித்தார்கள். நண்பன் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தான். நானும் அவனோடு சேர்ந்து ஆடினேன், அவ்வளவுதான். உள்ளே ஒன்றுமில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிதிருத்தும் கடையில் போய் உட்கார்ந்தேன். கடைக்கார அண்ணன் துணியைப் போர்த்திவிட்டு, "அம்மா ரிப்போர்ட் வந்திருச்சா தம்பி? நல்ல சேதிதானே?" என்றார்.

"இன்னும் இல்லண்ணே. நாளைக்குத்தான்."

கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ வேண்டுதல் முடியை நான் எப்படிப்பா எடுக்குறது?"

துணியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டில் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடா, வழிக்கலயா? உன் டீம்தான் நேத்து ஜெயிச்சிருச்சே."

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஜெயிக்கிற வரைக்கும் வழிக்க மாட்டேன்னு தினமும் சோத்துல உட்கார்ந்து பொலம்புனது யாரு? எனக்கென்ன காது கேக்காதா?"

"அப்புறம் ஏன் கோயில்ல அப்படிச் சொன்னீங்க?"

குழாயை மூடினாள். "ஆளாளுக்கு அவங்க பிள்ளைங்க செய்றதைச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. நானும் சொன்னேன்லா. சொல்லும்போது நல்லா இருந்துச்சு."

மூன்று வாரமாக மரத்துக் கிடந்தது அப்போதுதான் வலித்தது. சுருக்கென்று, தாங்க முடியாமல் வலித்தது.

"ரிப்போர்ட் வரட்டும்மா. நல்லபடியா வந்தா கோயில்லயே எடுத்துக்கிறேன்" என்றேன்.

அம்மா குழாயைத் திறந்து, கழுவி வைத்த மீனை எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள்.