சாம்பலில் எழுந்த பச்சை

ஓர் உயிர் ஓரிடத்தில் சாகாமல் இருக்கிறது என்பதாலேயே அந்த இடம் அதற்கு ஏற்றது என்று சொல்லிவிட முடியுமா? ஏழாம் வகுப்பில், ‘பாலைவன உயிர்கள்’ என்ற தலைப்பில் நடந்த பள்ளி அறிவியல் கண்காட்சியில், இந்தக் கேள்வி என் மேசைக்கே வந்து நின்றது. அது கேள்வி என்றே அப்போது எனக்குத் தெரியவில்லை.

எண்ணூரில் காற்று திரும்பும்போதெல்லாம் எங்கள் மொட்டை மாடியில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படியும். அது பறக்காதிருக்க அம்மா மாலையில் தண்ணீர் தெளிப்பார். அந்த ஈரத்தில் பச்சைப்பாசி படரும். கோடையில் தெளிக்கத் தண்ணீர் இராது. பாசி காய்ந்து கருத்த பொருக்காகிவிடும். செத்துவிட்டதென்றே வீட்டில் எல்லோரும் நம்பினர்.

பாலைவனத்துப் பச்சைப்பாசிகளைப் பற்றிப் படித்திருந்த நான் நம்பவில்லை. நீர் வற்றும்போது அவை வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றன. சர்க்கரை போன்ற பொருள்களைச் சேர்த்துத் தம் செல்களைச் சிதையாமல் காக்கின்றன. ஈரம் பட்டதும் மீண்டும் இயங்குகின்றன. எங்கள் மாடியும் அப்படியொரு பாலைதான் என்று காட்ட, பொருக்கைப் பெயர்த்துத் தட்டில் வைத்து எடுத்துச் சென்றேன்.

“இன்னாடி, வூட்டு மாடியவே பேத்துகினு வந்துட்டே?” என்றாள் தோழி. அவள் மேசையில் தெர்மாகோல் ஒட்டகம் நின்றது. “சீஃப் கெஸ்ட் வர்றதுக்குள்ள பச்சை தெரியலன்னா இது குப்பைக்குத்தான்” என்றார் ஆசிரியை.

தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருந்தேன். துணைக்கு வந்திருந்த, மூச்சிரைப்பு உள்ள அத்தை கேட்டார்: “மொளைக்குமா, மானம் போவுமா?”

சிறப்பு விருந்தினர் அந்த அனல்மின் நிலையத்து அதிகாரி. அவர் பக்கத்து மேசைக்கு வந்தபோது பொருக்கின் ஓரத்தில் மங்கலாகப் பச்சை தெரிந்தது. குனிந்து பார்த்தவர் முகம் மலர்ந்தார்.

“பாருங்க, சாம்பல்லயே உயிர் செழிப்பா இருக்கு. சாம்பலால கெடுதல்னு சும்மா பேசுறாங்க. இந்தப் பொண்ணுக்குத்தான் முதல் பரிசு!”

நான் பூரித்துப்போனேன். அத்தை இருமலை அடக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

“அவ்ளோ நல்லதுன்னா உங்க வூட்டு மாடில ஒரு லாரி கொட்டிக்க சார். எங்களுக்கு இந்தப் பரிசு வேணாம்.”

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி அரங்கு முழுவதும் பரவியது. பரிசு ஒட்டகத்துக்குப் போனது.

“கோவமா கீறியா?” என்று அத்தை வழியெல்லாம் கேட்டார். பரிசு போன ஆத்திரத்தில் நான் முன்னால் விரைந்து நடந்தேன். பாசி அங்கே செழிக்கவில்லை. தன் வளர்ச்சியையே நிறுத்தித்தான் பிழைத்திருந்தது. அதைப் படித்துவிட்டுப் போன நானே அதை மறந்து, அதிகாரியின் சொல்லைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டேன். அத்தை எதை மறுத்தார் என்பது புரியப் பல ஆண்டுகள் ஆயின.

இப்போது புதிய ஆலைகளுக்கான கருத்துக்கேட்புக் கூட்டங்களில் “இந்த மக்கள் பழகிவிட்டார்கள்” என்று யார் சொன்னாலும், நான் எழுந்து மறுக்கிறேன்.