தாரிகாவின் கையும் ஒரு தட்டு அரிசியும்

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், கீழ்மாடி வீட்டின் முன்னறையில், சுபோதினி பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறாள். காலையில் ஆஸ்பத்திரி வேலை. கரண்டி பிடிக்க, பொத்தான் பூட்ட, படி ஏறச் சிரமப்படும் பிள்ளைகளைப் பழக்கிவிடும் தெரபிஸ்ட் அவள்.

அறைக்குள் ஒரு பழைய மெத்தை, ஒரு கார் டயர், இரண்டு பேசின், வாளி நிறைய உடுப்புக் கிளிப். விளையாட்டுச் சாமான் வாங்கச் சொல்லி எந்தத் தாய்க்கும் அவள் எழுதிக் கொடுத்ததில்லை. "வீட்டில பயித்தங்காய் இருக்கோ? அதை முறிக்க விடுங்கோ" என்பாள். அவள் கணவர் நவரத்தினத்துக்கு ஒரே முறைப்பாடுதான். கொடியில் சேர்ட்டைப் போட்டால் கிளிப் இராது. சேர்ட் பக்கத்து வீட்டு மதிலில் கிடக்கும்.

சுபோதினிக்கு வயது நாற்பத்தெட்டு. ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுப்பவள், தன் மகன் லவனுக்குப் பதினொரு வயதுவரை தானே சப்பாத்துக் கயிறு கட்டிவிட்டாள். கேட்டால், "ஸ்கூல் வான் வந்து ஹோன் அடிச்சால் தெரபி எல்லாம் மறந்துபோகும்" என்று சிரிப்பாள். அதனாலோ என்னவோ, தாய்மாரை அவள் குற்றம் சொல்வதில்லை.

இந்த ஆடி மாதம் தர்ஷனும் துஷ்யந்தியும் நாலரை வயது தாரிகாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தர்ஷன் கணித ரியூசன் மாஸ்டர். அவனிடம் போனால் கல்லும் பாஸ் பண்ணும் என்று பெயர். மகள்தான் சோற்றைத் தொடமாட்டாள், மணலைத் தொடமாட்டாள், ஈரமாக எது பட்டாலும் கையை உதறுவாள். போன விஜயதசமியில் ஏடு தொடக்க, அரிசியில் முதல் எழுத்து எழுதுவிக்க, கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். ஐயர் அவள் விரலைப் பிடித்து அரிசியில் வைத்ததும் அவள் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். 'அ' எழுதாமலே தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"இந்த முறை எழுதுவாளோ மிஸ்?" என்று தர்ஷன் கேட்டான்.

"எழுதுறது பிறகு. முதல் தொடட்டும்."

"எத்தினை நாள் பிடிக்கும்?"

"எனக்குத் தெரியாது. அது பிள்ளைக்குத்தான் தெரியும்."

துஷ்யந்தி குனிந்துகொண்டு சொன்னாள். "பிழை என்னிலதான் மிஸ். கை அழுக்காகும் எண்டு நானே சோறு தீத்திக்கொண்டிருந்தனான்."

"உங்கட பிழை இல்லையம்மா. எங்களுக்குச் சும்மா படுறது சில பிள்ளையளுக்கு முள்ளுக் குத்தின மாதிரி இருக்கும். மெல்ல மெல்லப் பழகலாம்."

கொடுத்த வேலைகள் சின்னவை. கடையிலிருந்து உருளைக்கிழங்குப் பையை அவளே தூக்கி வரட்டும். மேசையைத் துடைக்கட்டும். முருங்கை இலை உருவட்டும். மூன்று கிழமையில் தாரிகா பேசினுக்குள் இருந்த பயறைக் கிளறத் தொடங்கினாள். நாலாம் கிழமை பேசினைக் கண்டதும் டயருக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அடுத்த கிழமையும் அப்படியே.

"வீட்டில என்ன நடந்தது?" என்று சுபோதினி கேட்டாள்.

தர்ஷன் பெருமையோடு பையிலிருந்து தடித்த அட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பியை எடுத்தான். கோடு போட்டு, திகதி போட்டு, 'அரிசித் தட்டு: காலை பதினைந்து நிமிடம், மாலை பதினைந்து நிமிடம்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் சிவப்புப் பேனையால் புள்ளி. கடைசி நாளுக்கு நூற்றுக்கு எட்டு.

"ஒரு நாளும் விடேல்லை மிஸ்."

"அதுதான் மாஸ்டர் பிரச்சினை! இதென்ன, பாஸ்ட் பேப்பரோ?"

துஷ்யந்தி சிரிப்பை அடக்க முயன்று தோற்றாள். "நான் சொன்னனான் மிஸ். கேட்டால்தானே!"

தர்ஷனின் முகம் சுருங்கிவிட்டது. "விஜயதசமிக்கு ஆறு கிழமைதான் இருக்கு" என்றான் மெதுவாக. "போன முறை மாதிரி அவள் பயந்து நடுங்கிறதைப் பாக்கேலாது மிஸ். எனக்குத் தெரிஞ்சது ரியூசன்தான்."

சுபோதினிக்குக் கோபம் இறங்கிவிட்டது. கொப்பியை மூடித் தன் மேசை லாச்சிக்குள் வைத்தாள். "அரிசித் தட்டைத் தூக்கி வையுங்கோ. இனிப் பின்னேரத்தில நீங்கள் ரொட்டி சுடுறியள். மா குழைக்கிறது நீங்கள், தண்ணி விடுறது அவள். அவள் ரீச்சர், நீங்கள் ஸ்டூடன்ட். அவளின்ர கையைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது."

"எனக்கு ரொட்டி சுடத் தெரியாது."

"நல்லது. மொக்கு ஸ்டூடன்ட்தான் வேணும்."

முதல் நாலு நாள் ரொட்டியை ஒருவராலும் கடிக்க முடியவில்லை. ஐந்தாம் நாள் இரவு சுபோதினிக்கு வட்ஸ்அப்பில் தர்ஷனின் குரல் வந்தது. பின்னால் தாரிகா கத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், ரெண்டு கையிலயும் மா. மூக்குக்கண்ணாடி கீழ வழுகிப்போச்சு. இவளிட்டச் சொன்னன், கொஞ்சம் மேல தள்ளிவிடு குஞ்சு எண்டு. தள்ளினவள். மூக்கில இருந்த மா அவளின்ர விரல்ல ஒட்டிட்டுது. நான் மூச்சு விடாமல் நிண்டனான். அவள் அதைப் பாத்தாள், பாத்துப்போட்டு என்ர கன்னத்தில பூசிட்டாள். பேந்து மற்றக் கன்னத்திலயும். இப்ப நெத்திக்கு வந்திட்டாள் மிஸ்!"

சுபோதினி அதை மூன்று தடவை கேட்டாள். பதிலுக்கு, "கழுவாதையுங்கோ. அப்பிடியே இருங்கோ" என்று மட்டும் அனுப்பினாள்.

விஜயதசமியன்று காலை அவளும் கோயிலுக்குப் போனாள். தன்னிடம் வரும் பிள்ளைகளை வெளியில் பார்க்க நேர்ந்தால் அவள் கிட்டப் போவதில்லை. தூணுக்கு அருகில் நின்றாள். வரிசையில் பட்டுப் பாவாடையோடு தாரிகா. தர்ஷன் போனில் படம் எடுக்க ஆயத்தமாக நின்றான். துஷ்யந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஐயர் தாரிகாவை மடியில் இருத்தி, விரலைப் பிடித்தார். அவள் விரலை உருவிக்கொண்டாள். தர்ஷனின் போன் தாழ்ந்தது. அவள் அரிசியைப் பார்த்தாள், ஐயரைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை தட்டுக்குள் விட்டுக் குழைக்கத் தொடங்கினாள்.

"அப்பா, தண்ணி விடுங்கோ!" என்று கோயில் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டாள்.

சுபோதினி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். முன்னால் நின்ற அம்மா ஒருவர் திரும்பி முறைத்தார். தர்ஷன் படம் எடுக்க மறந்து, சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அரிசி ஐயரின் மடியிலும் பஞ்சாங்கத்திலும் சிதறியது. ஐயர் ஒருமுறை 'அ' எழுதுவித்துப் பார்த்தார்; அவள் அதை அழித்துவிட்டு மறுபடி குழைத்தாள்.

"ஐயா, பின்னால பிள்ளையள் நிக்குதுகள்" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

ஐயர் தாரிகாவை மடியிலிருந்து இறக்கிப் பக்கத்தில் இருத்தி, தட்டையும் அவள் முன்னால் தள்ளிவைத்தார். உள்ளே திரும்பி, இன்னொரு தட்டில் அரிசி கொண்டுவரச் சொன்னார்.