ஓட்டை விழுந்த ஸ்லைடுகள்

கிள்ளானில் நான் வேலை செய்யும் ரத்த வங்கி ஆய்வுக்கூடத்தில், சாயம் போடும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பீங்கான் தட்டு இருந்தது. இப்போது அந்த இடத்தில் இயந்திரம் நிற்கிறது. ஒரு பக்கம் கண்ணாடி ஸ்லைடை நுழைத்தால் மறுபக்கம் சாயம் ஏறி வெளியே வருகிறது. வசதிதான். ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் கண் தட்டைத்தான் தேடுகிறது.

படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில் படிப்பை விட்டவள் நான். மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் நின்று நின்று கால் வீங்கிய பிறகு கிடைத்தது இந்த உதவியாளர் வேலை. நோயாளியின் ரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்து, ஸ்லைடில் மெல்லிசாக இழுத்து, காயவைத்து, சாயம் போட்டுப் பார்ப்பார்கள். அந்தக் கண்ணாடிகளை முதலில் ஸ்பிரிட்டில் துடைத்துப் பிசுக்கு எடுப்பது என் பொறுப்பு. எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். துடைத்ததையே மறுபடி துடைப்பேன். வீட்டில் படுத்த பிறகும், கடைசிக் கண்ணாடியைத் துடைத்தோமா என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு சமயம் ஸ்லைடுகளில் ஓட்டை விழ ஆரம்பித்தது. சாயம் போட்டுக் கழுவினால் ரத்தப் படலத்தில் அங்கங்கே வெறும் கண்ணாடி தெரியும். பிசுக்கு இருந்தால் அப்படி ஆகும், ரத்தம் ஒட்டாமல் விலகிப் போகும். எங்கள் மேலதிகாரி ஒரு ஸ்லைடை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“தொடைக்கிறதுலதான் கோளாறு. இந்த வாரம் பாப்பேன். சரியா வரலனா வேற ஆள போட்டுருவேன்.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஸ்லைடை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் கூடுதலாகத் துடைத்தேன். ஓட்டை. தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினேன். ஓட்டை. சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி வெடித்ததுதான் மிச்சம்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து தினமும் கொமுட்டர் ரயில் பிடித்து வரும் அக்காதான் அங்கே ஸ்லைடில் ரத்தம் இழுத்துச் சாயம் போடுபவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னாடி, யாரு செத்துட்டா?” என்றார்.

“நல்லாத்தான் தொடைக்கிறேன் அக்கா. என்னைய திரும்ப மேருவுக்கே அனுப்பிருவாங்க.”

“அங்க உன்னைய மறுபடி எடுத்துக்குவாங்கனு யாரு சொன்னா?”

சொல்லிக்கொண்டே நான் துடைத்த இரண்டு கண்ணாடிகளை எடுத்து, ஒரே ரத்தத்தை இரண்டிலும் இழுத்தார். ஒன்று காய்ந்ததும் உடனே சாயத்தில் போட்டார். மற்றதை வழக்கம்போல அலமாரியில் வைத்தார். காலையில் சேர்கிறவற்றை அங்கே வைத்திருந்து, மதியத்துக்கு மேல் ஒன்றாகச் சாயம் போடுவதுதான் எங்கள் பழக்கம்.

உடனே போட்டதில் ஓட்டை இல்லை.

“பிசுக்குனா இதுலயும் வந்திருக்கணும் லா. நீ தொடச்சது சுத்தம்தான்.”

“இது ஒன்னு தப்பிச்சிருக்கும் அக்கா.”

“உனக்கு நல்ல சேதி சொன்னாலும் புடிக்காது.”

சாப்பிட்டுவிட்டு வந்து அலமாரியைத் திறந்தோம். அக்கா குனிந்து பார்த்து, என் கையைப் பிடித்து இழுத்தார்.

“வா இங்க. உன் வேலைக்கு வேட்டு வெச்சவங்கள பாரு.”

பொடி எறும்புகள். காய்ந்த ரத்தத்தை அங்கங்கே கரண்டிக்கொண்டிருந்தன. அவற்றின் வரிசை அலமாரிக்குப் பின்னால் இறங்கி, சுவர் வெடிப்பில் நுழைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், ரத்தம் கொடுத்தவர்கள் உட்கார்ந்து பிஸ்கட்டும் இனிப்புத் தேநீரும் சாப்பிடும் அறை. பிஸ்கட்டுக்கு வந்தவை இங்கேயும் ஒரு நடை வந்திருக்கின்றன.

அக்கா மேலதிகாரியை அழைத்துக் காட்டினார். அவர் குனிந்து, வரிசை போன வழியைச் சுவர் வரை பார்த்தார்.

“சரி லா, எறும்புக்கு ஒரு வழி பண்ணுங்க.”

வேறு ஆள் என்ற பேச்சு அதோடு நின்றது. கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன்.

ஸ்லைடு இருக்கும் இடத்தில் மருந்து அடிக்க முடியாது. “வீட்டுல சீனி டப்பாவுக்கு என்னா செய்வ?” என்று அக்கா கேட்டு முடிப்பதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் வீட்டிலும் அதே கதைதான். ஒரு பீங்கான் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் குவளையைக் கவிழ்த்து, அதன்மேல் ஸ்லைடுகளை வைத்தோம். ஓட்டை நின்றது.

என் பயம் நிற்கவில்லை, தட்டுக்கு இடம் மாறியது. ஏர்கோன் காற்றில் தண்ணீர் வற்றிவிடுமே என்று எட்டி எட்டிப் பார்ப்பேன். தண்ணீர் வெட்டு அறிவித்தால் முதலில் தட்டுக்குத்தான் பிடித்து வைப்பேன். அக்கா காஜாங் மருத்துவமனைக்கு மாற்றலாகிப் போன பிறகும் போனில் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன் தட்டில் தண்ணீர் இருக்கிறதா என்றுதான் கேட்பார்.

இயந்திரம் வந்த அன்று, “தட்ட நான் எடுத்துக்கவா சார்?” என்று கேட்டேன்.

“ஓரம் ஒடஞ்ச தட்டு உனக்கு எதுக்கு?” என்றார் மேலதிகாரி. பிறகு அவரே பழைய நாளிதழ் ஒன்றைத் தேடி எடுத்துச் சுற்றிக் கொடுத்தார்.

போன வாரம் அக்கா கூப்பிட்டார். குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது.

“தட்டுல தண்ணி இருக்கா?”

“இருக்கு அக்கா. இப்ப வீட்டுல, நடுவுல சீனி டப்பா உக்காந்திருக்கு.”