கடைசி பெஞ்சில் ஒரு சண்டை

பேக்கரியில் மாவு பிசையும் இயந்திரம் ஓடினால் பக்கத்தில் நிற்பவன் கத்துவதுகூடக் கேட்காது. அந்த இரைச்சலையும் மீறிப் பாடிக்கொண்டே வேலை செய்தவள் என்பதால்தான் அவளுக்குச் சைரன் அக்கா என்று பெயர் வந்தது. சபையிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டுக்கு அவள் வாயைத் திறந்தால் போதும், தூங்கிவழிகிறவர்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். அவள் புருஷன் பெயிண்டருக்குத் தலைகால் புரியாது. "என் வீட்டுக்காரி பாடினா கீபோர்டை மூடி வச்சிடலாம்" என்று கீபோர்டு வாசிப்பவரிடமே போய்ப் பீற்றிக்கொள்வான்.

அந்தப் பெயிண்டர்தான் ஒருநாள் சாரத்திலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். சபையே முழங்காலில் நின்றது. சைரன் அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்து கடவுளைக் கெஞ்சினாள். கால் வரவில்லை. அன்றைக்கு மூடிய வாய்தான், அப்புறம் அவள் பாடவே இல்லை.

வேடிக்கையைப் பாருங்கள், விழுந்தவன் அவன். கொஞ்ச காலம் அழுதுவிட்டுக் கடவுளோடு ராசியாகிவிட்டான். சக்கர நாற்காலியில் இருந்தபடியே காய் நறுக்கினான், துணி மடித்தான், ஜன்னல் கம்பிகளுக்குக் கை எட்டிய உயரம் வரைக்கும் நீலப் பெயிண்ட் அடித்தான். கோபமெல்லாம் அவளுக்குத்தான்!

ஆனால் ஒரு ஞாயிறுகூட அவள் தவறவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து கடைசி பெஞ்சின் ஓரத்தில் நிறுத்துவாள். பாட்டுக்கு எழுந்து நிற்பாள். புத்தகத்தில் சரியான பக்கத்தைத் திருப்புவாள். உதடு மட்டும் அசையாது. விசுவாசம் போய்விட்டது என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அவளுக்கா விசுவாசம் இல்லை? பேசியவர்கள் நாக்கில் நெருப்பை வைக்க!

ஏன் பாடுவதில்லை என்று போதகர் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேவிட்டார்.

"எங்க அப்பாகூடச் சண்டை, ஐயா. பேசறதில்ல. அதுக்காகப் பொறந்த வீட்டை விட்டுப் போயிடுவேனா?" என்றாள் அவள்.

பெயிண்டருக்கோ கால் போனதைவிட அந்தக் குரல் போனதுதான் பெரிய துக்கம். தான் விழுந்தபோது அதையும் கையோடு பிடித்து இழுத்துக்கொண்டு விழுந்துவிட்டதாகவே நினைத்தான். சாவதற்குள் ஒரு தடவை அதைக் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவன் ஜெபம். தந்திரம்கூடச் செய்து பார்த்தான். அவளுக்குப் பிடித்த பாட்டை வேண்டுமென்றே தப்பு ராகத்தில் இழுப்பான், பொறுக்க முடியாமல் திருத்துவாள் என்று. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "கழுத்தறுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாள்.

அப்படி இருக்கும்போதுதான் எதிர்வீட்டுத் தையல்காரியின் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. அப்போதுதான் நடை பழகிய பெண் குழந்தை. அடக்கம் முடிந்த மறுநாள் சபைப் பெண்கள் ஆறுதல் சொல்ல வந்து சூழ்ந்துகொண்டார்கள். அந்த வீட்டு வாசலில் சக்கர நாற்காலியை நிறுத்திக்கொண்டு பெயிண்டர் பார்த்துக்கொண்டிருந்தான். "கர்த்தர் தம்மோட தோட்டத்துக்குன்னு ஒரு பூவைப் பறிச்சுக்கிட்டார்மா" என்றாள் ஒருத்தி. தையல்காரி சுவரில் தலையை முட்டிக்கொண்டாள்.

பேக்கரி உடுப்பைக்கூட மாற்றாமல் சைரன் அக்கா உள்ளே நுழைந்தாள். "ஏம்மா, அவர் தோட்டத்துல பூவுக்கு என்ன பஞ்சமா? போதும், எழுந்திரிங்க எல்லாரும்!" என்றாள். தெருவே திரும்பிப் பார்த்தது. வந்தவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டு போனார்கள்.

அப்புறம் அவள் ஒரு வசனமும் சொல்லவில்லை. பாத்திரம் கழுவினாள். வெந்நீர் வைத்துத் தையல்காரியைக் குளிப்பாட்டினாள். மெஷினில் பாதி தைத்தபடி கிடந்த குட்டிச் சட்டையை எடுத்து மடித்து அவள் மடியிலேயே வைத்தாள். பிறகு பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, இனிமே நான் கோயிலுக்கு வரமாட்டேன். அவர் மூஞ்சியில முழிக்கவே மாட்டேன்."

"மூஞ்சியைப் பாக்காம எப்படிச் சண்டை போடுவே? வந்து என் பக்கத்துல உக்காரு. திட்டணும்னா அங்க உக்காந்து திட்டு. நான் இத்தனை வருஷமா வேற என்ன பண்றேன்னு நினைச்சே?"

வாசலில் இருந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கடவுளை விட்டுப் போகவும் தெரியாமல், அவருக்குப் பொய் சொல்லவும் தெரியாமல் இத்தனை காலம் நின்றவள் தன் பெண்டாட்டி என்று நினைத்தபோது அவனுக்கு நெஞ்சு விம்மியது.

ஞாயிற்றுக்கிழமை தையல்காரி வந்தாள். கடைசி பெஞ்சில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். முதல் பாட்டு தொடங்கியது. புத்தகத்தைத் திறந்துகொண்டு எழுந்து நின்றவளுக்கு ஒரு சொல்கூட வரவில்லை.

சைரன் அக்கா அந்தப் புத்தகத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். "நீ பாட வேண்டாம். உன் பங்கையும் நான் பாடறேன்."

பாடினாள். குரல் துருப்பிடித்திருந்தது. பாதி வரி பிந்தித் தொடங்கினாள், அதுவும் எல்லாருக்கும் மேலே ஒரு சுருதியில். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கீபோர்டுக்காரர் ஒரு கணம் திணறிவிட்டு அவள் சுருதிக்கே மாறிக்கொண்டார். எழுந்து நிற்க முடியாத பெயிண்டர் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான்.

வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வரும்போது மெதுவாகக் கேட்டான்: "அப்ப, ரெண்டு பேரும் சமாதானம் ஆயிட்டீங்களா?"

"யாரு சொன்னது? உங்க கால் விஷயம் இன்னும் தீரல. அதை நான் விடறதா இல்ல" என்றாள் அவள். "ஆனா அந்தப் பொண்ணுக்காக அவர்கிட்டப் போய் நிக்கணும்னா, நான்தானே முதல்ல வாயைத் திறக்கணும்?"