சந்தனம் பூசாத தலை

திருப்பதியில் அலிபிரி போகிற சாலையில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். விளக்குப் பிடிப்பேன், பின்னால் தொங்கும் திரையை மாற்றுவேன். மலையிலிருந்து மொட்டையோடு இறங்கி வருகிற குடும்பங்கள்தான் எங்களுக்குப் பிழைப்பு. கம்ப்யூட்டரில் படங்களைச் சரிசெய்துகொண்டிருந்த பையன் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அவனுக்கு முன்னால் இருந்தவனும் அப்படித்தான் போனான்.

"நீ எங்கயும் ஓட மாட்ட, நீயே போய்க் கத்துக்கினு வா" என்றார் முதலாளி. "வரலன்னா சொல்லிடு. கம்ப்யூட்டருக்கு ஒரு ஆளு, வெளக்குக்கு ஒரு ஆளுன்னு ரெண்டு பேர வெச்சிக்க என்னால ஆவாது."

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். கம்ப்யூட்டர் வகுப்பு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் நடந்தது. மற்றவர்கள் எல்லாம் காலேஜ் பிள்ளைகள். என்னைத் தெலுங்கில் "பாபாய்" என்பார்கள், சித்தப்பா மாதிரி. கடைசிக் கம்ப்யூட்டரில் சுவர் ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். பக்கத்தில் நகரியிலிருந்து வருகிற ஒரு பெண். "பாபாய், மவுஸுக்கு ஏன் கழுத்த நெரிக்கிற? அது என்னா நெஜ எலியா, ஓடிப்போவ?" என்பாள். நான் பிடியைத் தளர்த்துவேன். கொஞ்ச நேரத்தில் கை மறுபடியும் இறுகிவிடும்.

சொல்லிக்கொடுத்த மேடம் என் வயதில் பாதி இருப்பார். தெலுங்கில்தான் பேசுவார். ஒருநாள், ஆளுக்கு ஒரு படம் சொந்தமாகச் செய்து வாருங்கள், கடைசி நாளில் சுவரில் மாட்டப்போகிறேன் என்றார். சொந்தமாக என்றால் என்ன செய்வது என்று எனக்குப் புரியவில்லை. வருகிறவர்கள் கேட்பதைச் செய்து கொடுக்கத்தானே வந்திருக்கிறேன்.

அந்த வாரம் வடமாலபேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் ஸ்டுடியோவுக்கு வந்தது. அப்பா, அம்மா, சின்ன மகன், மூன்று பேரும் மொட்டை. தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. பெரிய மகன் குவைத்தில் இருந்தான். அவனுக்கு விசா வந்தால் நாலு பேரும் முடி கொடுப்பதாக வேண்டுதல். விசா வந்தது, போனான், அங்கே லீவு கொடுக்கவில்லை. அவனுடைய பாஸ்போர்ட் போட்டோவை அம்மா முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார்.

"இவனயும் பக்கத்துல நிக்க வெச்சிடுப்பா. மொட்டையும் போட்டுடு. வேண்டுதல் நாலு பேருக்கு" என்றார் அப்பா.

முதலாளி என்னைப் பார்த்தார். "இத நீ பண்ணு. அவங்க மனசார வாங்கிக்கினு போனா, அந்தக் கம்ப்யூட்டர் சேரு ஒன்னுது."

படத்தை வகுப்புக்கு எடுத்துப்போய் அங்கேயே செய்தேன். பெரிய மகனின் முகத்தை வேறொரு உடம்பில் ஒட்டி மற்ற மூவர் பக்கத்தில் நிறுத்தினேன். அவன் முடியை எடுத்தேன், மீசையையும் எடுத்தேன். ஆனால் தலை, தலையாக இல்லை, தேங்காயாக இருந்தது. புதிதாக மழித்த தலையில் லேசாக ஒரு பச்சை ஓடும். நெற்றிப் பக்கம் குறைந்து, உச்சியில் கூடும். அந்தப் பச்சை ஒரு மாலையில் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எந்தெந்த நிறத்தைத் தொட்டேன் என்பதே நினைவில் இல்லை. அதற்கு மேல் தனி லேயரில் சந்தனம் பூசினேன். லேயர் என்றால் கண்ணாடித்தாள் மாதிரி. படத்தின் மேல் ஒன்றை வைக்கலாம், வேண்டாம் என்றால் மறைத்துவிடலாம்.

மேடம் வந்து பார்த்தார். சந்தன லேயரை மறைத்தார், மறுபடி காட்டினார், மறுபடி மறைத்தார். எல்லோரையும் கூப்பிட்டார்.

"இந்தத் தலையைப் பாருங்கள். அண்ணா, நீங்கள் நன்றாகத் தேறிவிட்டீர்கள். இதன் மேல் சந்தனத்தைப் பூசி மூடாதீர்கள், உங்கள் வேலையே தெரியாமல் போகும். இதைத்தான் மாட்டப்போகிறேன்."

காது இரண்டும் சூடாகிவிட்டது. என்னிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. சந்தன லேயரை மறைத்தபடியே படத்தைச் சிடியில் போட்டு ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்தேன்.

அவர்கள் வந்ததும் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன். அம்மா படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அப்பா குனிந்து பார்த்தார்.

"ஏம்ப்பா, நான் உசுரோடத்தான கீறேன்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதலாளிதான் பல்லைக் கடித்துக்கொண்டு என் காதருகே சொன்னார். "சந்தனம் எங்கடா? மீசயும் எடுத்து, வெறும் மொட்டையா நிக்க வெச்சிக்கீற. அப்பனுக்குக் கொள்ளி வெச்சவன் மாதிரி கீறான்."

மறைத்து வைத்திருந்த சந்தன லேயரைத் திறந்தேன். மவுஸை ஒரு தட்டுத் தட்டியதும் மகன் தலையில் சந்தனம் வந்து நின்றது. அம்மா மெல்லத் திரும்பினார்.

"உள்ளயே வெச்சிக்கினு ஏன்யா மறச்ச?" என்றார் அப்பா.

மேடம் சொன்னதைச் சொல்லலாம். சொன்னால் அவருக்குப் புரியுமா? எனக்கே புரிந்ததா?

"இப்ப எம்புள்ள நின்னுக்கினு கீறான்" என்றார் அம்மா. பிறகு, "அந்த இன்னொண்ணு பொட்டிக்குள்ள கீதா?" என்று கேட்டார்.

"கீதும்மா."

"அத அழிச்சிடு. நீ அழிக்கறத நான் பாக்கணும்."

முதலாளி கண்ணாலேயே அழி என்றார். இரண்டு லேயரையும் இனிப் பிரிக்க முடியாதபடி ஒன்றாக்கிச் சேமித்தேன். பழையதை அந்த அம்மா எதிரிலேயே அழித்தேன். வகுப்பிலிருந்து கொண்டுவந்து மேசையில் வைத்திருந்த சிடியையும் கேட்டார். எடுத்து உடைத்தேன். பிரிண்ட் போட்ட படத்தைக் கையில் வாங்கி, சந்தனத்தை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். முதலாளி சேரைத் தட்டி, "குந்து" என்றார்.

வகுப்புக் கம்ப்யூட்டரில் இருந்ததை மறுநாள் நானே போய் அழித்தேன். அந்த அம்மாவுக்கு அது தெரிந்திருக்கவே முடியாது. மேடம் மாட்டுவதற்குப் படம் கேட்டபோது, இல்லை என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவர் வீட்டிலும் மலைக்கு முடி கொடுப்பவர்கள்தான், உடனே புரிந்துகொண்டார்.

"அங்கே அழித்தது சரி. இங்கே இருந்ததை ஏன் அண்ணா? நான் யாருக்கும் கொடுத்திருக்க மாட்டேனே" என்றார். பிறகு அவரே சொன்னார்: "சரி, வேறு யாராவது ஒரு முகத்தை வைத்து மறுபடி செய்யுங்கள். உங்கள் கைக்கு வந்ததுதானே."

உட்கார்ந்தேன். பச்சையைக் கொண்டுவந்தேன், அழித்தேன், மறுபடி கொண்டுவந்தேன். ஒரு கட்டத்தில் இதுதான் என்று தோன்றியது, கொஞ்ச நேரத்தில் இல்லை என்று தோன்றியது. நகரிப் பெண் எட்டிப் பார்த்து, "அதே மாதிரிதான் கீது பாபாய்" என்றாள். இருக்கலாம். பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்க்க அந்தப் படம் என்னிடம் இல்லை.