முக்கால் சைவமும் நாற்பத்தைந்து கிலோவும்

அக்காவுக்குத் தங்கச்சி வைத்த பெயர் அது: முக்கால் சைவம். முட்டை உண்டு, கறி கிடையாது. மீன் வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் யாராவது ஆசையாகச் சமைத்துத் தட்டில் வைத்துவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும். கொள்கை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டில் அம்மா சைவம், அப்பா வெளியே போனால் மட்டும் அசைவம். மூத்தவள் அம்மா பக்கம் சாய்ந்தாள், இளையவள் அப்பா பக்கம். ஆனால் எதிரில் இருப்பவர் முகம் வாடினால் மூத்தவளுக்குத் தாங்காது. அவள் பட்ட பாட்டுக்கெல்லாம் பாதிக் காரணம் அந்தக் குணம்தான். முழுப் பழியையும் பருப்பின் மேல் போடுவது நியாயமில்லை.

வெளிநாட்டில் மூன்றாவது வருஷம். மலைமேல் உறைந்து கிடக்கும் பனி எவ்வளவு உருகுகிறது என்று அளக்கிற படிப்பு. உறவினர்கள் யாராவது வந்து, பெரியவள் என்ன படிக்கிறாள் என்று கேட்டால், அம்மா விளக்கிச் சொல்வதற்குள் அவர்கள் காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். முதல் இரண்டு வருஷமும் யாரோ அளந்து வைத்த எண்களோடு கம்ப்யூட்டர் முன்னால் கழிந்தன. இந்த வருஷம்தான் அவளே மேலே போய், பனியில் துளை போட்டு, வெப்பமானிகளை இறக்கி, பத்து நாள் கூடவே இருந்து அளக்க வேண்டும். பருவம் மாறினால் பாதை மூடிவிடும். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல அவளுக்கு அடுத்த வருஷம் கிடையாது. படிப்புக்குக் கொடுத்த கெடு இதோடு சரி.

மலையின் பாதி உயரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே ஆராய்ச்சிக்காரர்களுக்கென்று நீளமான ஒரு கட்டடம். ஒரு கோடியில் ஆய்வுக்கூடம், மறு கோடியில் சாப்பாட்டுக்கூடம், நடுவில் தங்கும் அறைகள். உடம்பு உயரத்துக்குப் பழகட்டும் என்று மேலே போகிறவர்கள் எல்லாரும் மூன்று வாரம் அங்கே இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கூடத்துச் சமையல்காரர் தங்கமான மனிதர். என்ன, கறிச்சாறு ஊற்றாமல் அவருக்குச் சமைக்கவே வராது. காய்கறியிலும் ஊற்றுவார், சோற்றிலும் ஊற்றுவார்.

"இதுல கறியே இல்லம்மா, வெறும் சாறுதான்" என்பார் பாவமாக.

"இல்லண்ணா, எனக்கு வயிறு நிறைஞ்சிருச்சு" என்பாள் அவள். ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு, அவித்த முட்டை. மூன்று வேளையும் அதுதான். ஒரு வாரத்தில் கால்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது.

வாரக் கடைசியில் மருத்துவர் எல்லாரையும் எடை பார்த்தார். நரைத்த மீசை, அதிகம் பேசாத ஆள். அவள் ஏறி நின்றாள். நாற்பத்து மூன்று கிலோ எழுநூறு.

"நாப்பத்தஞ்சுக்குக் கீழ இருக்கிற யாரையும் நான் மேல அனுப்ப மாட்டேன்" என்றார் அவர். "மேல இருக்கிற குளிருக்கு உடம்பு தன்னையே தின்னும். உங்க உடம்புல தின்ன என்ன இருக்கு? அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி மறுபடி பார்ப்பேன்."

அறையைப் பகிர்ந்துகொண்டிருந்த நெட்டை ஒரு யோசனை சொன்னாள். நெட்டையும் மாணவிதான், பாறைகளைப் பற்றிப் படிக்கிறவள். நிலைப்படியில் தலை இடிக்காமல் உள்ளே நுழைந்த நாள் கிடையாது. "என்கிட்ட நல்ல கனமான கல்லு நிறைய இருக்கு. சட்டைப் பைக்கு ரெண்டு போட்டுக்கோ."

"மேல போய் நான் மயங்கி விழுந்தா, தூக்குறவங்க கல்லையும் சேர்த்துத் தூக்கணுமா? வேணாம். சாப்பிட்டே ஏத்துறேன்."

சொல்லிவிட்டாள். ஆனால் அடுப்பு அவளுக்கு அவ்வளவு பழக்கமில்லை. வீட்டில் இருந்தவரை படிக்கிற பெண் என்று சமையலறைப் பக்கமே விடவில்லை. இங்கே வந்த பிறகு விடுதியில் எதையாவது சூடாக்கி, மேஜை ஓரமாக நின்றபடியே, கண்ணைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு சாப்பிட்டே மூன்று வருஷத்தை ஓட்டியிருக்கிறாள். அம்மா போனில் கேட்டால் மட்டும் தினமும் விருந்து சாப்பிடுவதுபோல அளப்பாள்.

ஸ்டோர் அறையைப் பார்த்துக்கொள்பவரிடம் போய் நின்றாள். கயிறும் கம்பிச்சுருளும் கூடாரமுமாக அடைந்து கிடந்த அறையில் ஒரு மூலையை அவர் ஒதுக்கிக் கொடுத்தார். ஒரு மின்அடுப்பும் இருந்தது. "ஆனா மத்தியானம் ஒரு மணி நேரம்தான். மத்த நேரம் கரண்டு கருவிகளுக்கு வேணும்" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

கடைத்தெருவில் ஒரு கடைக்காரம்மாவிடம் அரிசியும் பருப்பும் வெங்காயமும் வாங்கி வந்து முதல் நாள் உலை வைத்தாள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அரிசி ஒருவழியாக வெந்தது. பருப்பு வேகவில்லை. கொடுத்த ஒரு மணி நேரமும் கொதித்துவிட்டு, போட்ட மேனிக்கே அடியில் உட்கார்ந்திருந்தது. தங்கச்சிக்கு வீடியோவில் காட்டினாள். பன்னிரண்டாம் வகுப்புதான் படிக்கிறாள், ஆனால் சமையலில் குறை கண்டுபிடிப்பதில் மாமியார்களே அவளிடம் தோற்றுவிடுவார்கள்.

"அக்கா, அது பருப்புதானா? கூட இருக்கிறவளோட கல்லு எதையாவது அள்ளிப் போட்டுட்டியா?"

"விளையாடாதடி. பசிக்குது."

"அப்போ பழைய பருப்பை உன் தலையில கட்டிட்டாங்க. கொண்டு போய்த் திருப்பிக் குடு."

திருப்பிக் கொடுத்தாள். கடைக்காரம்மா ஒன்றும் சொல்லாமல் வேறு பருப்பு கொடுத்தாள். அதுவும் வேகவில்லை. முந்தின இரவே ஊறப்போட்டுப் பார்த்தாள், சோடா உப்பு போட்டுப் பார்த்தாள். சோடா உப்பு வாடை வந்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள் பசி தலைக்கேறிப் போய் நின்று, "தெரியாதவன்னு நெனச்சு ஏமாத்துறீங்க" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். யார் முகமும் வாடப் பொறுக்காதவள்தான். பசி வந்தால் அதெல்லாம் பறந்துவிடும்போல. கடைக்காரம்மா முகம் சிவக்க மூன்றாவது தடவையும் மாற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை ஆய்வுக்கூடத்தில் வழக்கமான வேலை. மேலே கொண்டு போகும் வெப்பமானிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று தினமும் பார்க்க வேண்டும். ஐஸ் போட்ட தண்ணீரில் ஒரு தடவை, கொதிக்கிற தண்ணீரில் ஒரு தடவை. ஐஸ் தண்ணீரில் பூஜ்யம். கொதிக்கிற தண்ணீரில் எண்பத்தெட்டு. நோட்டில் எண்பத்தெட்டு என்று எழுதினாள். அதற்கு மேலே நேற்று எழுதிய எண்பத்தெட்டு. அதற்கு மேலே முந்தாநாள் எழுதிய எண்பத்தெட்டு. பேனா அப்படியே நின்றது.

மலையில் காற்றழுத்தம் குறைவு. நூறு டிகிரி வரும் முன்னாலேயே தண்ணீர் கொதித்துவிடும், அப்புறம் எத்தனை நேரம் கொதித்தாலும் சூடு ஏறாது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கல்லூரியில் அதற்குக் கணக்கும் போட்டிருக்கிறாள். இங்கே தினமும் காலையில் தன் கையாலேயே எழுதியும் வைத்துவிட்டு, மத்தியானம் போய்ப் பருப்பு ஏன் வேகவில்லை என்று அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஆய்வுக்கூடத்தில் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கடைக்காரம்மா நினைவு வந்தது.

நேராகக் கடைக்குப் போனாள். "மன்னிச்சுக்குங்க. பருப்புல தப்பில்ல. என் மண்டையிலதான்."

"அதை நான் சொல்லக்கூடாதுன்னுதான் பேசாம இருந்தேன்" என்றாள் கடைக்காரம்மா. பிறகு மேல்தட்டிலிருந்து ஒரு சின்ன பிரஷர் குக்கரை இறக்கி வைத்தாள். "இங்க இது இல்லாம யாரும் சமைக்க மாட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். அவ்வளவு படிச்சவங்க மாதிரி பேசினீங்களே."

அன்று மத்தியானம் நான்கு விசில் வந்தது. மூடியைத் திறந்தால் பருப்பு வெண்ணெயாகக் குழைந்திருந்தது. சீரகமும் வெங்காயமும் தாளித்துக் கொட்டினாள். முட்டைக்கோஸ் பொரியல், வெங்காயம் போட்டுப் பொரித்த ஒரு முட்டை, சோற்றின் மேல் தாராளமாக உருக்கிய வெண்ணெய். உட்கார்ந்து முதல் வாய் வைத்தாள். ஒரு வாரமாக எங்கேயோ போயிருந்த உயிர் திரும்பி வந்து உடம்புக்குள் உட்கார்ந்தது.

இரண்டாவது வாய் எடுக்கும்போது ஸ்டோர்காரர் கயிறு எடுக்க உள்ளே வந்தார். அவள் வாய் தானாகச் சொன்னது: "வாங்க, சாப்பிடலாம்."

சாப்பிடும்போது ஒருவர் வந்தால் நாம் அப்படித்தான் சொல்வோம். வந்தவர், "இருக்கட்டும், நீங்க சாப்பிடுங்க, இப்பதான் ஆச்சு" என்பார், பசியில் கண் இருட்டினாலும். அதோடு இரண்டு பக்கமும் மரியாதை செய்தாயிற்று. ஸ்டோர்காரருக்கு அந்த வழக்கம் எங்கே தெரியும்? ஒருத்தி முகம் மலர்ந்து கூப்பிடுகிறாள். "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்று ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குக்கரில் பாதி போயிற்று.

மறுநாள் வாசனை பிடித்து நெட்டை வந்தாள். அதற்கு மறுநாள் விசில் சத்தம் கேட்டு, என்ன வெடிக்கிறது என்று பார்க்க மருத்துவரே வந்தார். வந்தவர்களைக் கூப்பிடாமல் இருக்க அவளால் முடியவில்லை. கூப்பிட்டவர்கள் யாரும் மறுக்கவில்லை. இன்னொரு தடவை வைக்கலாம் என்றால் ஒரு மணி நேரம் முடிந்துவிடும். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு அடியில் ஒட்டியிருப்பதை வழித்துச் சாப்பிட்டாள். நீங்கள் சாப்பிடவில்லையா என்று மருத்துவர் ஒருநாள் கேட்டபோதுகூட, "நான் அப்பவே சாப்பிட்டேன்" என்றாள்.

"கதவைச் சாத்திக்கிட்டு சாப்பிடு" என்றாள் தங்கச்சி.

ஒரு நாள் சாத்தியும் பார்த்தாள். வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்று, சற்று நேரம் பொறுத்துத் திரும்பிப் போனது. தட்டைக் கீழே வைத்தாள். ஓடிப் போய்க் கதவைத் திறந்து, "வாங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. நாற்பத்து நான்கு கிலோ இருநூறு.

மருத்துவர் எண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "தினம் அவ்வளவு சமைக்கிறீங்க. அதெல்லாம் எங்க போகுது?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தானும் அதில் தினமும் பங்கு வாங்கியது அவருக்கே நினைவு வந்தது. மீசைக்குக் கீழே முகம் மெல்லச் சிவந்தது. "அப்பவே சாப்பிட்டேன்னு சொன்னீங்களே."

"அது... சும்மா சொல்றதுதான் டாக்டர்."

"ஏன் அப்படிச் சொல்லணும்?"

ஆனாலும் அவர் விதியை வளைக்கவில்லை. கையெழுத்துப் போட மாட்டேன் என்று தாளைத் திருப்பி வைத்துவிட்டார். மேலே போகும் அன்றைய வண்டி நெட்டையையும் ஏற்றாமலே போனது. இரண்டு பேரும் சேர்ந்து போவதாக ஏற்பாடு, அதனால் நானும் இருக்கிறேன் என்று நெட்டை இறங்கிக்கொண்டாள். அடுத்த வண்டி செவ்வாய்க்கிழமை. அந்தப் பருவத்தில் அதுதான் கடைசி. எண்ணூறு கிராமும் நான்கு நாளும் மீதி இருந்தன. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதாள். மூன்று வருஷத்தைப் பருப்பில் கரைத்துவிட்டோமே என்றுதான் அழுகை.

சனிக்கிழமை காலையிலேயே ஸ்டோர் அறைக்குள் சத்தம். போய்ப் பார்த்தால் நெட்டை கண்ணீரும் கம்பலையுமாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்டோர்காரர் ஆய்வுக்கூடத்தோடு சண்டை போட்டு, காலையிலும் மாலையிலும் கூடுதலாக ஒவ்வொரு மணி நேரம் கரண்டு வாங்கியிருந்தார். மருத்துவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பருப்பு கழுவிக்கொண்டிருந்தார்.

"நீங்க அடுப்புப் பக்கம் வரக்கூடாது. உக்காருங்க" என்றார்.

பெட்டியைத் துடைத்து அதன் மேல் தட்டு வைத்தார்கள். விசிலை எண்ண மறந்து பருப்பு அடிப்பிடித்திருந்தது. உப்பு ஒரு பக்கம் கரித்தது, ஒரு பக்கம் சப்பென்று இருந்தது. அப்படி ஒரு மோசமான சமையலை அவள் சாப்பிட்டதே இல்லை. ஆனால் மூன்று பேரும் எதிரில் உட்கார்ந்து, ஒரு வாய்கூட வைக்காமல், அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டு காலியாகும்போதெல்லாம் மருத்துவர் கரண்டியோடு எழுந்தார். அவள் போதும் என்றாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டை விட்டு வந்த பிறகு தனக்கென்று ஒருவர் தட்டு வைத்துப் பரிமாறி, சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தது அன்றுதான். அது நினைவுக்கு வந்ததும் கண் நிறைந்துவிட்டது.

"உப்பு ஜாஸ்தியா?" என்று கேட்டார் மருத்துவர், கவலையோடு.

"இல்ல டாக்டர். சரியா இருக்கு." இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மூன்று நாளும் அப்படியே நடந்தது. காலையில் சோறு, மத்தியானம் சோறு, மாலையில் பாலில் குழைத்த சோறு. அவள் முடித்த பிறகுதான் மற்றவர்கள் தட்டெடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை வண்டி வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. அவள் எடைக் கருவியில் ஏறினாள். நெட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மருத்துவர் குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நாற்பத்தைந்து கிலோ நூறு. மேஜைக்குப் போய்த் தாளில் கையெழுத்துப் போட்டு அவள் கையில் கொடுத்தார்.

வெப்பமானிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் வண்டிக்குள் உட்கார்ந்தாள். கிளம்புகிற நேரத்தில் மருத்துவர் வந்து ஜன்னலைத் தட்டினார்.

"பத்து நாள் கழிச்சு இறங்கும்போதும் எடை பார்ப்பேன்" என்றார். "அரை கிலோ குறைஞ்சிருந்தாலும் உங்களோட எனக்குப் பேச்சே கிடையாது."

சரி என்று அவள் தலையை ஆட்டினாள். வண்டி நகர்ந்து மலை ஏறத் தொடங்கியது. வளைவு திரும்பும்வரை அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.